உவர்மலை மேல்வீடா, நிலாவெளி மாமி வீடா? வேலைத் தூரத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

வவுனியாப்பிள்ளை (ஆவணி மாதம்)

எல்லோருக்கும் வணக்கம். வீடு தேடுகிறோம். மூன்று வாரமாக இவரும் நானும் இந்த ஒரு கதையைத்தான் கதைக்கிறோம், வேறொன்றும் கதைப்பதில்லை. திருமலையை (திருகோணமலையை) என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள். நான் கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவள், நாலு வருடம்தான்.

நான் டவுனில் ஆஸ்பத்திரித் தாதி. வேலை காலை 7 முதல் பகல் 1 வரை, இல்லாவிட்டால் 1 முதல் இரவு 7 வரை, இல்லாவிட்டால் இரவு 7 முதல் விடிய 7 வரை. இவர் மூதூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். 7.30க்குக் கையெழுத்துப் போட வேண்டும், 1.30க்குப் பள்ளி விடும். மகளுக்கு மூன்றரை வயது. இப்போது இருக்கும் வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது, தைக்கு முதல் எழும்பச் சொல்லிவிட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மனிதர்.

கையில் மூன்று வீடு இருக்கிறது.

உவர்மலையில் ஒரு மேல்வீடு. இரண்டு அறை, வாடகை 35,000, ஆறு மாத முற்பணம். என் வேலைக்கு ஸ்கூட்டியில் ஏழு நிமிடம். இவருக்குப் போக மட்டும் 35 கிலோமீற்றர்.

நிலாவெளியில் இவருடைய மாமி வீடு. வாடகை இல்லை. மாமி தனியாக இருக்கிறா, நாங்கள் வந்தால் சந்தோஷம் என்கிறா. நல்ல தண்ணீர்க் கிணறு, இரண்டு மாமரம், பன்னிரண்டு கோழி. பிள்ளை அங்கே போனால் திரும்பி வர மாட்டேன் என்று அழுகிறது. ஆனால் டவுனுக்கு 15 கிலோமீற்றர் வடக்கே. இவருடைய பள்ளிக்கூடமோ டவுனுக்குத் தெற்கே. ஒரு வழிக்கே 50 கிலோமீற்றர் ஆகிவிடும்.

மூன்றாவது கிண்ணியாவில், இவரோடு படிப்பிக்கும் ஒருவர் பார்த்துச் சொன்ன முழு வீடு, 15,000. இருவருக்கும் ஏறக்குறைய நடு.

இவர் சொல்வது, "எனக்குத் தூரம் பழகிப்போச்சு, நீ உன்னுடையதைப் பார்." நான் சொல்வது, "உங்களுக்குப் பழகினது எனக்குத் தெரியும், உங்கள் முதுகுக்கும் தெரியும்." இதற்கு மேல் கதை நகரவில்லை.

---

அலஸ்தோட்டத்தான்

உவர்மலை மேல்வீட்டுக்கு வெயில் காலத்தில் தண்ணீர் மேலே ஏறுமா என்று முதலில் கேளுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

---

லோஞ்சுக்காரர்

மகள், நான் ஓய்வு பெற்ற எழுதுவினைஞன். மூதூரில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன். உங்கள் ஆள் இன்று ஓடும் ரோட்டு அப்போது ரோட்டாகவே இருக்கவில்லை. கிண்ணியாவில் பாதை (வாகனங்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற மிதவை), உப்பாற்றில் பாதை, கங்கையில் பாதை, இறால்குழியில் பாதை. ஒவ்வொன்றுக்கும் வரிசை. பாதைக்காரர் தேநீர் குடித்து முடிக்கும்வரை வாகனங்கள் எல்லாம் காத்துக்கொண்டு நிற்கும். அதனால் நாங்கள் டவுன் இறங்குதுறையில் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்துப் போவோம். வாடைக்காற்று தொடங்கினால் அதுவும் இல்லை. கார்த்திகை, மார்கழியில் கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்த நாட்கள் எத்தனையோ. யுத்த காலத்துக் கதையை இங்கே இழுக்கவில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 ஐப்பசியில் திறந்தார்கள். 396 மீற்றர், அப்போது இலங்கையிலேயே நீளமான பாலம். திறந்த கிழமையில் நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் நடுப்பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். "இதுக்காகவா இவ்வளவு காலம்" என்று அவ கேட்டா. நான் ஓய்வு பெற்று அப்போது இரண்டு வருடம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூரத்துக்குப் பயந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? மூதூரில் அறை எடுத்துத் தங்கினேன். வெள்ளி பின்னேரம் வந்து திங்கள் விடிய போவேன். செலவு குறைவு, உடம்புக்கும் சுகம். ஆனால் என் மூத்தவன் ஐந்து வயதில் தாயிடம், "இந்த மாமா எப்ப போவார்?" என்று கேட்டவன். இன்றைக்கு அவனுக்கே பேரப்பிள்ளை வரும் வயது, இப்போதும் அதைச் சொல்லிச் சிரிப்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். உங்கள் ஆளுக்கு யாராவது "அங்கேயே தங்கு" என்று புத்தி சொன்னால் இதைக் காட்டுங்கள்.

---

இறக்கண்டி அக்கா

தங்கச்சி, நானும் உங்கள் தொழில்தான். நிலாவெளியும் தாண்டி, இறக்கண்டியில் ஆறு வருடம் இருந்து டவுனுக்கு வந்து போனேன். ஆகவே மாமி வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

பகலில் அந்த ரோட்டு சொர்க்கம். கார்ப்பெட் ரோட்டு, ஒரு பக்கம் பனை, சாம்பல்தீவுப் பாலத்தில் காற்று. கொழும்பில் மூன்று கிலோமீற்றருக்கு எடுக்கிற நேரத்தில் நிலாவெளியிலிருந்து டவுனுக்கு வந்துவிடலாம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் வெள்ளைக்காரர் சீசன், புறாமலைத் தீவு பார்க்கப் போகிற வான்களும் வாடகை ஸ்கூட்டர்களும் உப்புவெளியில் குறுக்கும் மறுக்கும் ஓடும். அதற்கு ஒரு ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் பகலை மட்டும் கணக்கெடுக்கிறீர்கள். இரண்டு நேரத்தை எண்ணிப் பாருங்கள்.

ஒன்று, இரவு 7 மணி இறக்கம். கைமாற்றிக் கணக்குக் கொடுத்து வெளியே வர 7.30. மாடுகள் அப்போதுதான் ரோட்டில் வந்து படுக்கும். பகல் வெயில் குடித்த தார் இரவில் இளஞ்சூடாக இருக்கும், அவற்றுக்கு மெத்தை மாதிரி. கறுப்பு மாடு, கறுப்பு ரோட்டு. எதிரே வருகிற வான் லைட்டைக் குறைக்காவிட்டால் மாடு உங்களுக்குத் தெரியாது, கண் மட்டும் மின்னும். நான் ஒரு தரம் விழுந்திருக்கிறேன். மாடு எழும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிட்டது.

மற்றது விடிய 7 மணி இறக்கம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பன்னிரண்டு மணித்தியாலம் கால் தரையில் நின்று, முகம் கழுவி, நித்திரை இல்லை என்று நம்பிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறுவோம். உப்புவெளி வரைக்கும் நித்திரை இல்லை. பிறகு ரோட்டு நேராகும், காற்று முகத்தில் அடிக்கும், வெயில் இன்னும் சுடத் தொடங்கியிராது. ஒரு நாள் சில்லு கரைக் கிரவலில் ஏறி "கரகர" என்ற சத்தத்தில்தான் கண் விழித்தேன். எத்தனை செக்கன் மூடியிருந்தேனோ. ஸ்கூட்டியை நிறுத்தி வேலியோரம் குந்தியிருந்து அழுதேன். அடுத்த மாதம் டவுனுக்கு வந்துவிட்டோம்.

உங்கள் இவருக்கு 50 கிலோமீற்றர் அலுப்பு. உங்களுக்கு 15 கிலோமீற்றர் ஆபத்து. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

---

தம்பலகாமத்து வாத்தியார்

நானும் ஆசிரியர், நானும் மோட்டார்சைக்கிள். எல்லோரும் மனதைச் சொல்கிறார்கள், நான் காசைச் சொல்கிறேன். பெற்றோல் லீற்றரை 300 என்று போடுகிறேன்.

உவர்மலையை விட்டு நிலாவெளிக்குப் போனால் கணவருக்கு நாளுக்கு 30 கிலோமீற்றர் கூடும். மாதம் இருபது பள்ளி நாள், 600 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடினால் 13 லீற்றர் சொச்சம், அண்ணளவாக 4,000 ரூபாய். உங்களுக்கு நாளுக்கு ஒரு 26 கிலோமீற்றர் கூடும். மாதம் 24 நாள், லீற்றருக்கு 40 என்றால் கிட்டத்தட்ட 4,700. ஆக மொத்தம் 8,700. வாடகை மிச்சம் 35,000. காசுக் கணக்கில் மாமி வீடு 26,000 ரூபாயால் வெல்கிறது. ரோட்டுச் செலவுக்குப் பயந்து டவுனில் இருக்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது நேரம். கணவருக்கு நாளுக்கு முக்கால் மணித்தியாலம் கூடினால் மாதம் 15. உங்களுக்கும் முக்கால் மணித்தியாலம் என்றால் 18. இருவருக்கும் சேர்த்து 33 மணித்தியாலம். 26,000ஐ 33ஆல் பிரியுங்கள், மணிக்கு 800 ரூபாய்கூட இல்லை. கணித வாத்தியார் ஒரு குழுவுக்கு ரியூசன் கொடுத்தால் இதைவிட உழைப்பார். அவருக்கே இந்தக் கணக்கு வரும், ஏன் போட்டுப் பார்க்கவில்லை?

இன்னொன்று. 2022ஐ மறக்க வேண்டாம். ஆனி கடைசியில் பெற்றோல் 470 ஆனது. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் வந்தபோது மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். உங்கள் ஆளுக்கு 35 கிலோமீற்றரிலேயே கிழமைக்கு எட்டு லீற்றர் வேண்டும். நான் அப்போது மூன்று நாள் பள்ளிக்கூடமும் இரண்டு நாள் மன்னிப்புக் கடிதமுமாக ஓட்டினேன். வேனில் சேர்ந்து போகிற ஆசிரியர்கள் தப்பினார்கள். ஆகவே நீங்கள் எந்த வீட்டை எடுத்தாலும் ஆசிரியர் வேன் எந்தச் சந்தியில் நிற்கிறது என்று பார்த்து எடுங்கள். மழைக்காலத்துக்கும் அது நல்லது. உவர்மலைக்குள் வேன் வராது, ஆனால் அனுராதபுரச் சந்தியால் போகும்.

---

கிண்ணியா நானா

மிஸ்ஸி, எங்கள் ஊருக்கு வாங்க என்று சொல்லத்தான் ஆசை. மீன் மலிவு, தயிர் நல்லது, அயலவர் நல்லவர்கள். பிள்ளையைப் பார்க்க ஒன்றுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் நடு என்று நினைத்து வராதீர்கள். நடு என்றால் இருவருக்கும் பாதி என்று அர்த்தமில்லை, இருவரும் வெளிக்கிட வேண்டும் என்று அர்த்தம். நானும் மனைவியும் அப்படித்தான் எடுத்தோம். அவ சீனக்குடாப் பக்கம், நான் மூதூர்ப் பக்கம். காலை ஆறரைக்கு வீட்டில் ஒரு பெரிய ஆளும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முன்பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் யார் திரும்பி வருவது என்று நடுரோட்டில் நின்று போனில் சண்டை பிடித்திருக்கிறோம்.

இன்னொன்று, 15,000க்கு முழு வீடு என்றால் அது எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கிண்ணியா என்று சொல்வது பெரிய இடம், சுற்றித் தண்ணீர். பிரதான வீதிக்கு எந்த வழியாக ஏறுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2021 கார்த்திகை 23, குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுகிறார்கள் என்று மாற்றுக்கு விட்ட பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் மவுத்தானார்கள். காலை நேரம். சீருடையோடு. அன்றிலிருந்து எனக்கு "தூரம்" என்றால் கிலோமீற்றர் நினைவுக்கு வருவதில்லை.

எழுத வந்தது வேறு, எழுதியது வேறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

---

வவுனியாப்பிள்ளை

நானா, மன்னிப்பு எதற்கு. அன்று நான் வேறு ஊரில் பயிற்சியில் இருந்தேன், விடுதியில் எல்லோரும் டிவிக்கு முன்னால் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இறக்கண்டி அக்கா, உங்கள் பதிவை இவருக்கு வாசித்துக் காட்டினேன். கிரவல் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றார். பிறகு வந்து, "நிலாவெளி வேண்டாம்" என்றார். இப்போது எனக்குத்தான் மனமில்லை. காரணம் பிள்ளை. இவர் ஆறு மணிக்கு வெளிக்கிட வேண்டும், எனக்குக் காலை முறை என்றால் ஆறரைக்கு. உவர்மலையில் பிள்ளையை யாரிடம் விடுவது? மாமிதான் இருக்கிறா. மாமி நிலாவெளியை விட்டு வர மாட்டா.

---

லோஞ்சுக்காரர்

மாமியைக் கேட்டீர்களா, நீங்களே முடிவு கட்டினீர்களா?

---

பாலையூற்றுக்காரி

நான் ஒரு விஷயம் சொல்கிறேன், ஒருவரும் தொடவில்லை. பிள்ளைக்கு மூன்றரை என்றால் முதலாம் ஆண்டு அனுமதி இதோ வந்துவிடும். அரசாங்கப் பள்ளியில் பாதி இடம் கிட்ட இருக்கிறவர்களுக்கு. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த விலாசத்தில், எத்தனை வருடமாக இருக்கிறது என்று பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். நீங்கள் கேட்கிற பள்ளியைவிட வீட்டுக்குக் கிட்ட வேறு பள்ளி இருந்தால் அதற்கும் புள்ளி குறைப்பார்கள். நாங்கள் இதை அறியாமல் இரண்டு வருடத்தில் மூன்று வாடகை வீடு மாறினோம். விண்ணப்பம் போடுகிற நேரத்தில் எங்கள் பெயர் எங்கள் வீட்டில் இல்லை! ஆகவே எங்கே போனாலும் ஐந்து வருடம் இருக்கிற எண்ணத்தோடு போங்கள், போன உடனே கிராம சேவகரிடம் பதியுங்கள்.

வீட்டுக்காக நான் சொல்லவில்லை, ஆனால் பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கம் பார்த்தீர்களா? லூர்து மாதா கோயில் பக்கம் காணியோடு வீடுகள் உண்டு. வாடகை உவர்மலையை விடக் குறைவு. அனுராதபுரச் சந்தி நடக்கிற தூரம்.

---

வவுனியாப்பிள்ளை (கார்த்திகை மாதம்)

மூன்று மாதம் கழித்து வருகிறேன். கேட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று யாரும் திட்டக்கூடாது.

ஐப்பசி கடைசியில், மழை பிடித்த பிறகு, ஒரு கிழமை மாமி வீட்டில் இருந்து இருவரும் வேலைக்குப் போய்ப் பார்த்தோம். வெயிலில் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம் என்பது இவருடைய யோசனை. மாமியின் குசினிக் கலண்டரில் வெளிக்கிட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம் எல்லாம் பென்சிலால் எழுதினேன்.

திங்கள் பரவாயில்லை. செவ்வாய் இவர் 5.25க்கு வெளிக்கிட்டு 7.28க்குக் கையெழுத்து. கிண்ணியாப் பாலத்தில் மழையும் காற்றும் பக்கவாட்டில் தள்ளியதில் லொறிக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனாராம். புதன் எனக்கு இரவு 7 மணி இறக்கம். அக்கா சொன்ன மாடுகளை எண்ணினேன், பதினாலு. வியாழன் இருவரும் நனைந்து வந்தோம். மழைக்கோட்டு இருந்தது, ஆனால் சப்பாத்துக்குள் தண்ணீர் போவதை மழைக்கோட்டு என்ன செய்யும்? வெள்ளி இவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் கண்ணயர்ந்துவிட்டார். பிள்ளை, "அப்பா சோத்துக்குள்ள விழப்போறார்" என்று கத்தியது. அந்தக் கிழமை முழுக்க அவர் பிள்ளையோடு கதைத்தது அந்த ஒரு தரம்தான், அதுவும் "இல்லைக்குஞ்சு, விழமாட்டேன்" என்று.

அன்றிரவு மாமியே கலண்டரை எடுத்துப் பார்த்தா. வாத்தியார் ஐயாவின் கணக்கையும் நான் காட்டினேன். அவ எழுத்துக்கூட்டி வாசிக்கிறவ, ஆனால் மணிக்கு 800 என்பது உடனே விளங்கியது. "எனக்காகவா இவ்வளவு?" என்று கேட்டா. நாங்கள் வாடகைக்காக என்று நினைத்துக்கொண்டிருக்க, அவ தன்னைத் தனியே விட மனமில்லாமல் நாங்கள் வருகிறோம் என்று நினைத்திருக்கிறா. லோஞ்சுக்கார ஐயா கேட்டது சரி. நாங்கள் அவவைக் கேட்கவே இல்லை.

பாலையூற்றில் வீடு எடுத்துவிட்டோம். 24,000, மூன்று மாத முற்பணம், பின்னால் கொஞ்சம் காணி. எனக்கு ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிடம். இவருக்கு டவுனைச் சுற்றுவது மிச்சம், கிழமையில் மூன்று நாள் சந்தியில் வேன் ஏறுகிறார். வேனில் நித்திரை கொள்கிறார், அது ஒரு மணித்தியாலச் சம்பளம் மாதிரி என்கிறார். கிராம சேவகரிடமும் பதிந்தாயிற்று. வீடு உவர்மலை வீட்டைப் போல வடிவில்லை. குசினி இருட்டு, கதவு மழைக்கு ஊதிப்போய் மூடாது. போகட்டும்.

மாமி திங்கள் முதல் வெள்ளி எங்களோடு. சனி, ஞாயிறு நாங்கள் நிலாவெளியில், எனக்கு இரவு முறை இல்லாத கிழமைகளில். கிணற்றைப் பார்க்காமல் தன்னால் இருக்க முடியாதாம்.

ஒரே ஒரு சிக்கல். கோழிகளைக் கிழமையில் ஐந்து நாள் யாரிடம் விடுவது என்று மாமி யோசித்துப் பார்த்தா. நேற்று ஓட்டோக்காரரிடம் கூண்டு ஏற்ற விலை பேசிவிட்டா. வீட்டுக்காரரிடம் நாங்கள் கோழியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.